சிறு பரிசில்

நெடுங்காலம் வேலையின்றி இருந்தவர்களைத் தேடிக் கடைசியில் ஒரு வேலை வருமானால், அது பெரும்பாலும் குறைந்த சம்பளத்தோடுதான் வருகிறது. அதை ஏற்பதா, வேண்டாமா என்பது வெளியிலிருந்து காண்பவர்களுக்கு ஒரு கேள்வியாகவே தோன்றுவதில்லை. 'சும்மா இருப்பதற்கு இது மேல் அல்லவா?' என்று ஒரே வாக்கியத்தில் வழக்கை முடித்துவிடுவார்கள். 2009ஆம் ஆண்டுக் கோடையில் நாங்கள் இருவரும் அந்த ஒரு வாக்கியத்தோடு பதினொரு நாட்கள் மல்லுக்கட்ட நேர்ந்தது. அந்த நாட்களில் நாங்கள் போட்ட கணக்கையும், கணக்குக்குள் அடங்காமல் நின்றவற்றையும் எழுதிவைக்க விரும்புகிறோம். எங்களிடம் படித்துவிட்டுப் போன பிள்ளைகள் இன்றும் இதே கேள்வியோடு வந்து நிற்பதே இதற்குக் காரணம்.

நாங்கள் என்றது கணவன், மனைவி இருவரையும். ஒரே வகுப்பில் தமிழ் முதுகலை படித்தவர்கள், இன்று இருவேறு கல்லூரிகளில் தமிழ் கற்பிக்கிறவர்கள், நாற்பதைக் கடந்தவர்கள். அன்றைய முடிவை இருவரும் சேர்ந்தே எடுத்தோம். யார் எதைச் சொன்னோம் என்பது இப்போது எங்களுக்கே துல்லியமாக நினைவில்லை. ஆகவே பன்மையிலேயே எழுதுகிறோம்.

*

2001இல் இளங்கலை முடித்த கையோடு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்தோம். 2003இல் முதுகலையும் 2004இல் ஆய்வியல் நிறைஞர் பட்டமும் வந்தன. மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தேதி தவறினால் பதிவு மூப்பு போய்விடும் என்ற அச்சத்தில், காய்ச்சலோடும் பேருந்தேறிப் போய் வரிசையில் நின்றவர்களை நாங்கள் அறிவோம். எங்கள் தலைமுறைக்குப் 'பதிவு மூப்பு' என்பது ஏறக்குறைய ஒரு சொத்து. தந்தையர் விட்டுச்சென்ற அரைமா நிலத்தைப் போல, இருக்கிறது என்ற நினைப்பே ஒரு தெம்பு.

அந்தச் சொத்தின் உண்மை மதிப்பு வேறு. வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்குக் காலியிடங்களை அறிவிக்க வேண்டும் என்று 1959ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்தியதே தவிர, அங்கே பதிந்தவர்களுக்கே வேலை தர வேண்டும் என்று அது சொல்லவில்லை. அலுவலகம் அனுப்பும் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளாமல், செய்தித்தாள் போன்றவற்றிலும் விளம்பரம் செய்து, விண்ணப்பிக்கும் தகுதியுடைய எல்லோரையும் கருத வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் கூறியது. அதாவது, நாங்கள் அட்டை வாங்கிய நாளிலேயே வரிசையின் வலு தளர்ந்திருந்தது. ஆயினும் 2006க்குப் பின் சில ஆண்டுகள் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர்கள் பதிவு மூப்பின்படி நியமிக்கப்பட்டார்கள். ஊருக்கு ஒருவருக்காவது அப்படிக் கடிதம் வந்தது. அந்த ஒருவரைக் காட்டி மற்றவர்கள் காத்திருந்தோம்.

2006இல் அமைந்த அரசு, பதிந்து ஐந்தாண்டுகள் ஆகியும் வேலை கிட்டாத ஏழை இளைஞர்களுக்கு உதவித்தொகை வழங்கியது. பட்டதாரிக்கு மாதம் 300 ரூபாய், மூன்றாண்டுகள் வரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் சேரும். நாங்கள் இருவரும் 2007இல் விண்ணப்பித்துப் பெற்றோம். காலாண்டுக்கு இருவருக்குமாக 1,800 ரூபாய். ஆண்டுதோறும் 'சுய உறுதிமொழி ஆவணம்' ஒன்றை நிரப்பித் தர வேண்டும். எந்த வேலையிலும் இல்லை, சுயதொழிலும் செய்யவில்லை, படித்துக்கொண்டும் இல்லை என்று நம் கையாலேயே எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

அந்தத் தாளை நிரப்பும்போது எங்களுக்கு ஏற்பட்டதைக் கூச்சம் என்று மட்டும் சொல்லிவிட இயலாது. ஊரில் முதியோர் உதவித்தொகைக்கும் பட்டா மாறுதலுக்கும் மனு எழுதித் தருபவர்கள் நாங்கள்தான். கோயில் மண்டபத்தில் மாலைவேளையில் பத்துப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தருபவர்களும் நாங்களே. எதற்கும் காசு வாங்கியதில்லை. நாள் முழுவதும் கை ஓயாமல் இருந்துவிட்டு, 'யாதொரு பணியும் செய்யவில்லை' என்று எழுதும்போது, மொழி படித்தவர்களுக்குச் சொல்லின் மேல் ஒரு சந்தேகம் வருகிறது. வேலை என்ற சொல்லுக்குச் சம்பளம் என்ற ஒரே பொருளை யார் கொடுத்தது?

*

வீடு திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, காவிரியின் கடைமடை. தண்ணீர் வந்தால் ஒருபோகம். வீட்டில் அம்மா, நாங்கள் இருவர், இரண்டு வயதுப் பெண் குழந்தை, ஒரு கறவை மாடு. 2008 செப்டம்பர் முதல் நியாய விலைக் கடையில் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்குக் கிடைத்தது. மாதம் 20 கிலோ அரிசிக்கு 20 ரூபாய். அம்மா நூறு நாள் வேலைக்குப் போனார். பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனது. இப்படியாகக் குடும்பம் பசியில்லாமல் நடந்தது. பசியில்லை என்பதைத் தவிரப் பெருமையாகச் சொல்ல வேறொன்றும் இல்லை.

2009 மே மாதக் கடைசியில், 25 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஒரு சுயநிதிக் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. எங்களுள் ஒருவர் முந்தைய ஆண்டுதான் தேசியத் தகுதித் தேர்வில் தேறியிருந்தார். மற்றவரிடம் ஆய்வியல் நிறைஞர் பட்டம் இருந்தது. இளங்கலை மாணவர்க்குக் கற்பிக்க அப்போது அது போதுமானதாகக் கொள்ளப்பட்டது. தாளாளர் எங்கள் இருவரையும் எதிரே அமரவைத்து, தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, கனிவாகவே பேசினார். "ரெண்டு பேருமே வந்துடுங்க. குடும்பமா வர்றீங்க, எங்களுக்கும் சந்தோஷம். சேர்த்து ஏழாயிரம் போட்டுத் தர்றேன்" என்றார். ஒருவருக்கு 4,000, இன்னொருவருக்கு 3,000. தகுதித் தேர்வில் தேறியவருக்கு அந்த ஆயிரம் கூடுதல்.

பிறகு நிபந்தனைகள் வந்தன. இரண்டாண்டுகள் கட்டாயம் பணியாற்ற வேண்டும். மே மாதச் சம்பளம் கிடையாது. பத்தாம் வகுப்பு முதல் முதுகலை வரையுள்ள அசல் சான்றிதழ்களைக் கல்லூரி அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். "பத்திரமா பீரோவுல இருக்கும். நம்மகிட்ட எல்லாருமே குடுத்திருக்காங்க" என்றார். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்தோம். யோசிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்பதுபோல் அவர் முகம் சற்று மாறியது.

*

அன்றிரவு அம்மாவிடம் கணக்கைச் சொன்னோம். எழுத்தறியாதவர், ஆயினும் வீட்டின் வரவுசெலவு அவர் தலையில்தான். சாதாரணப் பேருந்தில் ஒரு வழிக்கு 7 ரூபாய். இருவர் போய்வர நாளொன்றுக்கு 28. மாதம் 25 நாளுக்கு 700. உதவித்தொகை நின்றுவிடும், அதில் 600. கல்லூரி கேட்கிற உடை, செருப்பு, எப்போதாவது ஒரு தேநீர் எல்லாமாக 450. ஆக 1,750 ரூபாய் கழிகிறது. மிச்சம் 5,250. இருவரின் ஐம்பது ஆள்நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்குத் தலைக்கு 105 ரூபாய். நூறு நாள் வேலைக்கு அப்போது தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி 80 ரூபாய்.

அம்மா வெற்றிலையை மடித்தபடி கேட்டார்: "ஏந் தம்பி, காலேசு வாத்தியாருக்கும் வாய்க்கா வெட்டுறவளுக்கும் இருவத்தஞ்சு ரூவாதான் தூரமா?"

அதில் கேலியில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நாங்கள் விடை சொல்லாததைப் பார்த்து அவரே தொடர்ந்தார்: "சம்பளம் கொறச்சல்னா போயிட்டு வரலாம். நாளைக்கு நெல்லு கொறச்சலா வெளைஞ்சா அறுக்காமலா விடுறோம்? ஆனா பத்திரத்த ஏன் கேக்குறாங்க? நெலத்த அடமானம் வச்சாத்தானே பத்திரத்தக் கேப்பாங்க?"

எங்கள் குழப்பத்தின் முடிச்சை அம்மா சரியாகத் தொட்டுவிட்டார். அதுவரை இரண்டு விஷயங்களை ஒன்றாகவே எண்ணிக் கலங்கிக்கொண்டிருந்தோம். ஒன்று, குறைந்த கூலி. மற்றொன்று, வெளியேறும் வழி அடைபடுவது. கூலி குறைவென்றால் வயிறு கொஞ்சம் சுருங்கும். அதற்கு நாங்கள் பழகியிருந்தோம். அசல் சான்றிதழ் இல்லாமல் போனால், ஆசிரியர் தேர்வு வாரியம் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கும் நாளில் வெறுங்கையோடு நிற்க வேண்டிவரும். எங்கள் வகுப்புத் தோழர் ஒருவருக்கு வேறொரு ஊரில் அப்படித்தான் நேர்ந்தது. மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டுச் சான்றிதழை எடுத்துப் போகும்படி நிர்வாகம் சொல்ல, அவர் கடன் வாங்கி முடிப்பதற்குள் தேதி கடந்துவிட்டது.

அடுத்தடுத்த நாட்களில் உறவினர்கள் வந்தார்கள். பெரியப்பா, "போற வண்டியில ஏறிக்கணும்டா, எடம் பாத்து ஒக்காருறது பொறவு" என்றார். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. ஆறாண்டு வேலையில்லாமல் இருப்பது ஒருவரை என்ன செய்யும் என்பதை அவர் எங்கள் முகங்களில் பார்த்துக்கொண்டிருந்தார். திருமண வீடுகளுக்குப் போவதை நாங்கள் நிறுத்தியிருந்தோம். 'இப்ப எங்க இருக்கீங்க?' என்ற சாதாரண விசாரிப்பை எதிர்கொள்ள வலுவில்லை. புத்தகங்களை எடுத்தால் இரண்டு பக்கத்துக்கு மேல் கண் ஓடவில்லை. காத்திருத்தல் என்பது ஓரிடத்தில் நிற்பது போலத் தோன்றினாலும், அது சிறுகச் சிறுகச் சரிவதுதான். உதவித்தொகையும் இன்னும் ஓராண்டில் முடிந்துவிடும். இவையெல்லாம் பெரியப்பாவின் பக்கம் பேசின.

*

தமிழ் படித்தவர்களுக்கு இத்தகைய நேரத்தில் ஒரு தொல்லை உண்டு. பழைய புலவர்கள் வந்து எதிரே உட்கார்ந்துகொள்வார்கள். எங்களுக்கு வந்தவர் பெருஞ்சித்திரனார்.

வெளிமான் இறந்தபின் அவன் தம்பி இளவெளிமான் சிறிய பரிசில் ஒன்றைக் கொடுத்தான். பெருஞ்சித்திரனார் அதை வாங்கவில்லை. குமணனிடம் சென்று யானையைப் பரிசிலாகப் பெற்று, அதைக் கொண்டுவந்து இளவெளிமானின் காவல் மரத்தில் கட்டிவிட்டு, 'இரப்போரும் உண்டு, ஈவோரும் உண்டு, பார்' என்ற பொருள்படப் பாடினார். புறநானூற்றில் 162ஆம் பாட்டு. முகம் பாராமல் அதியமான் அனுப்பிய பரிசிலையும் அவர் மறுத்திருக்கிறார், அது 208. இவ்விரு பாடல்களையும் புலவர்தம் பெருமிதத்துக்குச் சான்றாக எங்களுக்கு வகுப்பில் நடத்தினார்கள். அந்தப் பதினொரு நாட்களில் ஒருநாள் இரவு, எங்களுள் ஒருவர் 162ஐ நினைவுகூர்ந்து, "நாமும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்" என்றார். மற்றவர் சற்று நேரம் கழித்து, "159ஐ எடுத்துப் பாருங்கள்" என்றார்.

எடுத்துப் பார்த்தோம். அதுவும் அதே பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடியது. அதில் மூப்பால் தளர்ந்த தாய் இருக்கிறாள். குப்பைக் கீரையைப் பறித்து உப்பில்லாமல் வேகவைத்து உண்ணும் மனைவி இருக்கிறாள். அடுத்த பாட்டில், பாலில்லாத மார்பைச் சுவைத்துவிட்டு வெறுங்கலத்தைத் திறந்து பார்க்கும் பிள்ளை இருக்கிறான். மறுத்தவரும் பசித்தவரும் ஒருவரே. பாடத்திட்டத்தில் பெருமிதத்துக்கு ஒரு பாட்டு, வறுமைக்கு ஒரு பாட்டு என்று தனித்தனியே பிரித்துவைத்துப் படித்ததில் எங்களுக்கு இது உறைக்காமலே போயிருந்தது.

மூன்றையும் சேர்த்துப் படித்தால் வேறொன்று புலப்படுகிறது. இளவெளிமானின் சிறு பரிசிலைப் புலவர் மறுக்க முடிந்ததற்குப் பெருமிதம் மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது. முதிரத்தில் ஒரு குமணன் இருந்தான். நடந்து போய்ச் சேரக்கூடிய தொலைவில் இன்னொரு வாசல் திறந்திருந்தது. குமணன் இல்லாதிருந்தால் அந்த யானை இல்லை. யானை இல்லாவிட்டால் 162ஆம் பாட்டே இல்லை. இளவெளிமான் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய புலவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றித் தொகை நூல்களில் பாட்டில்லை. அவர்களுடைய பிள்ளைகள் அன்று சாப்பிட்டிருப்பார்கள் என்பதோடு அவர்கள் கதை முடிந்துவிடுகிறது. அவர்களை மானமற்றவர்கள் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

மறுக்கும் துணிவைக் குணமாகவே நம் கதைகளும் படங்களும் காட்டிவந்திருக்கின்றன. 1980இல் வெளிவந்த 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தின் பட்டதாரி நாயகன் பாரதி பாட்டைச் சொல்லிக்கொண்டு தில்லித் தெருக்களில் பசியோடு திரிவதை நம் தலைமுறை எத்தனை முறை பார்த்திருக்கும்! அந்த நாயகன்கூட இறுதியில் முடிதிருத்தும் வேலையை ஏற்றுக்கொள்கிறான். அதைத் தாழ்வாகவும் கருதுவதில்லை. நமக்கு நினைவில் நிற்பதோ அவனுடைய கோபம் மட்டும்தான்.

*

ஆகவே எங்களிடம் என்ன வாசல் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கினோம். வீட்டில் அந்த மாத அரிசி 20 கிலோ அப்படியே இருந்தது. கடைசியாக வந்த உதவித்தொகையில் 1,150 ரூபாய் மிச்சம். மாடு கறவையில் இருந்தது. அம்மாவுக்கு நூறு நாளில் இன்னும் அறுபது நாளுக்கு மேல் பாக்கி. இவ்வளவும் சேர்ந்தால் ஒன்றரை மாதம் கடன் வாங்காமல் ஓட்டலாம். அதுதான் எங்கள் குமணன். யானை கொடுக்க அவனால் இயலாது; ஒன்றரை மாதம் காத்திருக்கச் சொல்வான்.

இனி எதிர்ப்பக்கம். ஜூன் மூன்றாம் வாரம் கல்லூரி திறக்கிறது. இணைவுக்காகப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக் குழு வரவிருப்பதாகத் தாளாளரே பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். குழு வரும்போது ஒவ்வொரு துறையிலும் தகுதியுள்ள ஆசிரியரின் பெயரைக் காட்ட வேண்டும். அந்த வட்டாரத்தில் தமிழில் தகுதித் தேர்வு தேறி, 4,000 ரூபாய்க்கு வரக்கூடியவர்கள் அதிகம் பேர் இல்லை. எங்களுக்கு ஒன்றரை மாதம் இருந்தது. அவர்களுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. பேரம் என்ற சொல்லே எங்களுக்கு அதுவரை அருவருப்பாக இருந்தது. கூலிக்கு ஆள் வரும் நாற்று நடவில் அம்மா ஆண்டுதோறும் செய்வதைத்தான் நாங்களும் செய்யப்போகிறோம் என்று தெளிந்தபோது அந்த அருவருப்பு விலகியது.

ஒரு கடிதம் எழுதினோம். சம்பளத்தை ஏற்கிறோம், அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தபின் திருப்பித் தர வேண்டும், நகல்களை வைத்துக்கொள்ளலாம், சேரும் தேதியும் பணியின் பெயரும் குறித்து எழுத்துமூலம் நியமன ஆணை வேண்டும், போட்டித் தேர்வுக்கும் சான்றிதழ் சரிபார்ப்புக்கும் செல்ல விடுப்புத் தர வேண்டும். நான்கே வரி. அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். ஆறாண்டுக் காத்திருப்பில் இல்லாத படபடப்பு அந்த ஒரு வாரத்தில் இருந்தது. குழந்தைக்கு நடுவில் இரண்டு நாள் காய்ச்சல் வந்து, மருந்துக்கு 180 ரூபாய் போனது. 'எதற்கு இந்த வீம்பு?' என்று அந்த இரண்டு நாளும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம்.

பதினோராம் நாள் கல்லூரியிலிருந்து தொலைபேசி வந்தது. நகல் போதும் என்றார்கள். நியமன ஆணை தருவதாகச் சொன்னார்கள். விடுப்பைப் பற்றி அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். சம்பளத்தில் ஒரு ரூபாயும் ஏறவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போய், வேலையில் சேர்வதால் உதவித்தொகையை நிறுத்திவிடும்படி எழுதிக் கொடுத்துவிட்டு, ஜூன் 15 அன்று இருவரும் ஒரே பேருந்தில் ஏறினோம்.

*

அந்த நான்கு வரிகளின் பயன் பின்னால்தான் தெரிந்தது. நாங்கள் சேர்ந்த அடுத்த மாதமே, 2009 ஜூலையில், பல்கலைக்கழக மானியக் குழு தன் விதியைத் திருத்தியது. விரிவுரையாளர் பணிக்கு ஆய்வியல் நிறைஞர் பட்டத்தால் கிடைத்துவந்த விலக்கு போயிற்று. புதிய நெறிகளின்படி முனைவர் பட்டம் பெற்றவர்கள் நீங்கலாக மற்றவர்களுக்குத் தகுதித் தேர்வு கட்டாயமானது. எங்களுள் ஒருவரின் தகுதி ஒரே இரவில் சுருங்கிவிட்டது. 2012இல் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்து, பள்ளி வேலைக்குப் பதிவு மூப்பை மட்டும் நம்பியிருந்தவர்களின் வரிசையும் குலைந்தது. 2013இல் ஆசிரியர் தேர்வு வாரியம் அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர்களைத் தெரிவுசெய்ய அறிவிப்பு வெளியிட்டபோது, கற்பித்தல் அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 வீதம் 15 மதிப்பெண் வரை வைத்திருந்தது. வேண்டாமென்று வீட்டில் இருந்திருந்தால் அந்த மதிப்பெண் இல்லை. அசல்களை ஒப்படைத்திருந்தால் சரிபார்ப்புக்குப் போவதற்கே கெஞ்ச வேண்டியிருந்திருக்கும். எங்களுள் ஒருவருக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. மற்றவர் இன்றும் சுயநிதிக் கல்லூரியில்தான் இருக்கிறார். ஒரே வகுப்பு, ஒரே பாடம். ஒரு வீட்டுக்குள் இரண்டு சம்பளச் சீட்டுகள். அவற்றுக்கிடையே உள்ள இடைவெளியைக் கற்பிக்கும் திறத்தால் விளக்க முடியாது என்பதற்கு எங்கள் வீடே சான்று.

நாங்கள் அந்தச் சம்பளத்தை ஏற்றதால் வேறு ஒன்றும் நடந்தது. அடுத்த ஆண்டு வந்த இளைஞரிடம், "தம்பதியா ரெண்டு பேரு, தகுதித் தேர்வு பாஸ் பண்ணவங்களே நாலாயிரத்துக்குத்தான் வர்றாங்க" என்று சொல்லி அவருக்கு 3,000 பேசினார்கள். ஒருவருடைய இசைவு அடுத்தவருடைய விலையாகிவிடுகிறது. இதற்கு நாங்கள் மட்டும் பொறுப்பல்லர்; அடுத்தவரின் கூலிக்காக எங்கள் குழந்தையைப் பட்டினி போட்டிருக்க முடியாது. ஆயினும் அந்த இளைஞர் ஆசிரியர் அறையில் எங்கள் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இதனால்தான், உதவித்தொகை மனிதனைச் சோம்பேறியாக்கும் என்ற பேச்சு எங்களுக்கு ஒப்பவில்லை. அந்தப் பேச்சு பழையது. 1834இல் இங்கிலாந்தில் ஏழையர் சட்டத்தைத் திருத்தியபோது, உதவி பெறுபவரின் நிலை, உழைத்து வாழ்பவர்களில் கடைக்கோடியில் இருப்பவரின் நிலையைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும் என்பதைக் கொள்கையாகவே வைத்தார்கள். எந்தக் கூலியையும் மறுக்க முடியாதபடி செய்வதே அதன் விளைவு. ஜெர்மனியில் 2005இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம், கொடுக்கப்படும் வேலையை ஏற்காதவர்களின் உதவியைக் குறைக்க வழிசெய்தது. 2019 நவம்பரில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், முப்பது விழுக்காட்டுக்கு மேல் வெட்டும் தண்டனைகள் அன்றிருந்த வடிவில் செல்லா என்றது. மனிதனாக வாழ்வதற்கான குறைந்த அளவைத் தண்டனைக் கருவியாக்குவதற்கு ஓர் எல்லை உண்டு என்பதே அதன் சாரம்.

நம்மூரில் இந்த விவாதம் அவ்வளவு தூரம் போவதில்லை. ஏனெனில் இங்கே தொகை அவ்வளவு சிறியது. பட்டதாரிக்குரிய உதவித்தொகை பின்னர் மாதம் 600 ரூபாயாக உயர்ந்தது. நாளுக்கு 20 ரூபாய். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000க்குள் இருந்தால்தான் அதுவும். இது யாரையும் சோம்பேறியாக்காது. யாரையும் நிமிர்ந்து உட்கார வைக்கவும் போதாது. வேலையற்றோர்க்கான உதவியை அளக்க நாங்கள் வைத்திருக்கும் படி ஒன்றுதான்: தகாத நிபந்தனையை எத்தனை நாள் மறுத்து நிற்க அது இடம் கொடுக்கிறது? எங்களைப் பதினொரு நாள் நிற்கவைத்தது அந்த 300 ரூபாய் மட்டுமன்று. ஒரு ரூபாய் அரிசியும், அம்மாவின் நூறு நாள் வேலையும் சேர்ந்துதான். இவற்றைத் தனித்தனியே இலவசம் என்றும் வீண்செலவு என்றும் பேசுகிறவர்கள், இவை சேர்ந்து ஒரு குடும்பத்துக்கு வாங்கித் தருவது என்ன என்பதைப் பார்ப்பதில்லை.

*

2019 ஜனவரியில் பல்கலைக்கழக மானியக் குழு, கௌரவ விரிவுரையாளருக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் உயர்ந்த அளவாக 50,000 வரை என்று வரையறுத்தது. அந்தத் தொகையைக் கண்ணால் காணாத கௌரவ விரிவுரையாளர்களை நாங்கள் நிறையவே அறிவோம். அவர்களாகப் போகிற பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். "அய்யா, பன்னிரண்டாயிரம் தர்றதா சொல்றாங்க, போகலாமா?", "அம்மா, ரெண்டு வருஷமா சும்மா இருக்கேன், இதையும் விட்டா?" என்று கேட்கிறார்கள். போ என்றோ போகாதே என்றோ நாங்கள் சொல்வதில்லை. அவர்கள் வீட்டு அரிசிப் பானை எங்களுக்குத் தெரியாது.

அதற்குப் பதிலாக மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்கிறோம். போக்குவரத்தும் மற்றதும் போக நாளொன்றுக்குக் கையில் என்ன நிற்கும் என்று தாளில் எழுதிப் பார்த்தாயா? அந்த வேலை உனக்குச் சம்பளம் தவிர வேறு என்ன தருகிறது — அனுபவச் சான்றா, நூலகமா, படிக்க நேரமா, அல்லது திருமண வீட்டில் சொல்லிக்கொள்ள ஒரு விடையா? அந்த விடையும் சிறிய விஷயம் இல்லை; அதைக் கணக்கில் சேர்க்க வெட்கப்படாதே. மூன்றாவது, பிடிக்காமல் போனால் வெளியேறும் வழியை அவர்கள் கையில் கொடுக்கிறாயா, உன் கையிலேயே வைத்திருக்கிறாயா?

முதல் இரண்டு கேள்விகளுக்கு ஆளுக்கொரு விடை இருக்கலாம். தாய்க்கு மருந்து வாங்க வேண்டியவருக்கும் தனியாள் ஒருவருக்கும் கணக்கு ஒன்றாகாது. பெருஞ்சித்திரனாரைப் போல மறுத்தால்தான் மானம் என்று நினைத்துக் கலங்கும் பிள்ளைகளிடம், குமணன் எத்தனை கல் தொலைவில் இருக்கிறான் என்று முதலில் பார்க்கச் சொல்கிறோம். அருகில் இல்லையென்றால் சிறு பரிசிலை வாங்கிக்கொள்வதில் இழிவொன்றும் இல்லை. மூன்றாவது கேள்விக்கு மட்டும் எங்களிடம் ஒரே விடைதான் இருக்கிறது. வேலைக்குப் போங்கள், அசல் சான்றிதழ்களை அம்மாவின் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள்.